வாய் பெரிதானால் வலுப் பெருகுமா?
(ஓர் அறிவியற் பாடம்)



யாங்கோன் நகரில் நாம் பள்ளியாசிரியராய்ப் பணியாற்றிய காலத்தில், நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் வாடகைக் கார் ஓட்டிப் பிழைத்து வந்தார். பழைய வண்டிகளை ஒப்படைத்தோர்க்கு இறக்குமதி உரிமம் வழங்கும் திட்டம் 2011 செப்டெம்பரில் தொடங்கிய பின்னர், ஜப்பானிலிருந்து வந்த வண்டிகள் அந்நகர வீதிகளில் பெருகின. அவருடையதும் அத்தகைய டொயோட்டா புரோபாக்ஸ் வண்டியே; இயந்திரத்தின் கொள்ளளவு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர்.

"காற்று நுழையும் வாயைப் பெரிதாக்கினால் வண்டி பறக்கும்" என்று எவரோ கூறக் கேட்டு, சேமிப்புப் பணத்தைச் செலவிட்டு, அளவிற் பெரிய திராட்டில் ஒன்றைப் பொருத்திவிட்டார். முதலிரண்டு நாள் வலுக் கூடியதாகவே தோன்றியது. பின்னர், நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதெல்லாம் வண்டி குலுங்கிப் பாய்ந்தது. பயணிகள் முகஞ்சுளித்தனர். அவர் நம்மிடம் வந்து, "ஐயா, எங்கே பிழை?" என்று வினவினார். அவருக்கு அன்று கூறிய விடையே இன்றைய பாடம்.

1. திராட்டில் என்பது யாது?

இதனைக் 'காற்றுவாயில்' என்று வழங்குவோம். குழாய்க்குள் வட்டத் தகடொன்று சுழன்று, இயந்திரத்துக்குள் செல்லும் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் பெட்ரோல் பாய்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் பெட்ரோல் வண்டியில் நாம் திறப்பது காற்றின் வழியையே. உட்புகும் காற்றைக் கணித்து, அதற்கேற்ற பெட்ரோலைக் கணினி அளந்து விடுகிறது. ஒரு பங்கு பெட்ரோல் முற்றாக எரிய, எடையளவில் ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும்.

2. கணக்கிட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, 50 மி.மீ. விட்டமுள்ள வாயிலை 60 மி.மீ. ஆக்குவோம். விட்டம் ஐந்தில் ஒரு பங்கே கூடியது. ஆனால் வட்டத்தின் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 25க்கு 36. அதாவது பரப்பு 44 விழுக்காடு கூடிவிட்டது.

இனி, இயந்திரத்தின் தேவையைக் காண்போம். நான்கு வீச்சு இயந்திரம் இரண்டு சுழற்சிக்கு ஒருமுறையே தன் கொள்ளளவுக் காற்றை இழுக்கும். ஒன்றரை லிட்டர் இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 முறை சுழன்றால், மிகுதியாக இழுப்பது 3,000 × 1.5 = 4,500 லிட்டர்; நொடிக்கு 75 லிட்டர். இது 50 மி.மீ. வாயிலில் நொடிக்கு 38 மீட்டர் வேகத்தில் செல்லும்.

இவ்வேகம் மிகுதியா? 1990களின் பிற்பகுதியில், உலக ரலிப் போட்டியில் ஓடிய டர்போ கார்களின் வலுவைக் கட்டுப்படுத்த, காற்றின் வழியை 34 மி.மீ. அளவாகக் குறுக்கினர். குறுகிய வழியில் காற்றின் வேகம் ஒலியின் வேகத்தை எட்டியதும், அதற்குமேல் காற்று புகாது. அதுவே உண்மையான நெரிப்பு. ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர். நம் மாணவரின் வண்டியிற் காற்று அதில் ஒன்பதில் ஒரு பங்கு வேகத்திலேயே சென்றது. நெரிப்பே இல்லாத தொண்டையை அவர் அகலப்படுத்தினார்!

3. வண்டி குலுங்கியது ஏன்?

தகடு அதே கோணம் திரும்பினாலும், பெரிய வாயில் மிகுந்த இடைவெளியைத் திறக்கிறது. மெல்ல மிதித்தாலும் காற்று திடீரெனப் புகுகிறது. வலுக் கூடியது போன்ற மயக்கத்துக்கும் பின்னர் வந்த குலுக்கத்துக்கும் காரணம் ஒன்றே. முழுவதும் மிதித்தபோது கிடைத்த வலுவோ முன்னிருந்ததே. மேலும், இணைப்பிற் கசிவிருந்தால் அளக்கப்படாத காற்று புகுந்து எரிபொருட் கலவையைக் கெடுக்கும்.

பெரிய காற்றுவாயில் பயனற்றதென்று கூறவில்லை. கேம் தண்டு, வால்வுகள், புகைபோக்கி ஆகியன மாற்றப்பட்டு, இயந்திரம் கூடுதற் காற்றைக் கேட்கும் நிலை வந்தால், அப்போது அது தேவைப்படும். அப்போதும் கணினியின் அளவுகளைத் திருத்துதல் வேண்டும்.

4. நாம் கற்ற பாடம்

மாணவர் பழைய வாயிலையே மீண்டும் பொருத்தினார், வண்டி அமைதியுற்றது. செலவிட்ட பணம் திரும்பவில்லை. "ஐயா, வட்டத்தின் பரப்பைத் தேர்வுக்காக மனனஞ் செய்தேன். இதற்குத்தான் என்று அறியவில்லையே" என்றார். அச்சொல் நம்மைச் சுட்டது. சூத்திரத்தைக் கற்பித்த நாம், அதன் பயனைக் கற்பித்தோமில்லை.

2021இன் பின் யாங்கோனைவிட்டு அகதியாய் வெளியேறினோம். இங்கே வார இறுதியில் உங்கள் முன் நிற்கும்போதெல்லாம் அம்மாணவரின் முகம் நினைவில் எழுகிறது. பெற்றோர்களே! தமிழைப் பாட்டுக்கும் பேச்சுப் போட்டிக்கும் மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். வண்டியின் மூடியைத் திறக்கும்போது பிள்ளைகளை அருகழைத்துத் தமிழிலேயே விளக்குங்கள். கணக்கும் காரணமும் பேசப்படும் மொழியே வீட்டில் நிலைக்கும்.

பயிற்சி வினாக்கள்

1. 52 மி.மீ. விட்டமுள்ள வாயிலை 65 மி.மீ. ஆக்கினால், பரப்பு எத்தனை விழுக்காடு கூடும்?
2. இரண்டு லிட்டர் நான்கு வீச்சு இயந்திரம் நிமிடத்துக்கு 5,000 முறை சுழன்றால், மிகுதியாக எத்தனை லிட்டர் காற்றை இழுக்கும்?
3. ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது நிகழ்வதை வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்குத் தமிழில் விளக்குக.