இடாப்பும் படியும்

கல்லூரி அலுவலகத்திலே சேர்வு இடாப்பு ஒன்று உண்டு. மாணவனுடைய பெயர், பிறந்த திகதி, விலாசம் ஆகியவற்றுக்கு அதுவே மூலம். வகுப்பாசிரியர் ஒவ்வொரு தேவைக்கும் அலுவலகம் சென்று அதனைப் புரட்டுவாராயின் பாடஞ் சொல்லப் பொழுதிராது. ஆதலின் வேண்டியவற்றைப் படியெடுத்துத் தம் மேசையில் வைத்துக்கொள்வர். கணினிச் செய்நிரல்களும் இவ்வாறே செய்கின்றன. அம்முறையும் அதில் உறையும் இடரும் ஈண்டு ஆராயப்படும். கணினித் துறையிற் புகுந்த பழைய மாணவர்க்கு இஃது அறிந்த செய்தியாயிருக்கலாம்; இன்று பயில்வார் பொருட்டே எழுதுகின்றேன்.

யாவா மொழியில் எழுதுவோர் பெரிதும் கையாளும் நிரலகங்களுள் ஒன்று ‘ஹைபர்நேற்’. 2001இல் காவின் கிங் என்பவர் இதனைத் தொடங்கினார். செய்நிரலினுள்ளே பொருள்களாய் இயங்குவனவற்றைத் தரவுத்தளத்து அட்டவணைகளில் நிரைகளாக எழுதுதலும், அந்நிரைகளை மீண்டும் பொருள்களாக்கித் தருதலும் இதன் தொழில். ஒரு நிரைக்கு ஈடாய் நிற்கும் பொருளை உள்பொருள் என்க. உள்பொருளின் படியை அண்மையில் வைத்துக்கொள்ளும் இடமே ஆங்கிலத்திற் ‘கேஷ்’ எனப்படுவது.

கலைச்சொல்லாக்கியோர் சிலர் இதனைப் ‘பதுக்ககம்’ என்றனர். மறைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்ததாதலின் மொழிபெயர்ப்பிற் பிழையில்லை. ஆயினும், அரிசியும் மண்ணெண்ணெயும் பதுக்கப்பட்ட காலங்களைக் கண்ட எம்மவர் செவிக்கு அச்சொல் இனிதாயில்லை. ‘கையிருப்பு’ என்றே யான் வழங்குவேன்.

கையிருப்பு இருநிலைப்படும். முதனிலை, ஓர் அமர்வுக்கு மாத்திரம் உரியது; எவரும் ஏவாமலே இயங்குவது; பாடவேளை முடிந்ததும் துடைக்கப்படுங் கரும்பலகை போல அமர்வோடு ஒழிவது. இரண்டாம் நிலையோ ஆசிரியர் அறையில் தொங்கும் பட்டியல் போன்று எல்லா அமர்வுகட்கும் பொதுவானது. இதனை நாமே இயக்குதல் வேண்டும். கையிருப்பைப் பேணும் துணை நிரலகமொன்றைச் சேர்த்து, அமைப்புக் கோப்பில் இரண்டாம் நிலையை இயக்குமாறு குறித்து, பின்னர்த் தகுதியுடைய உள்பொருளுக்கு மட்டும் ‘கேஷபிள்’ என்னும் குறியை இடுக. எல்லாவற்றுக்கும் இடுதல் பேதைமை. ஓர் உள்பொருளோடு தொடர்ந்த தொகுதிகட்குக் குறி தனியே வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். அடையாள எண் கொண்டு தேடும்போதே கையிருப்பு பயன்படும். நிபந்தனை கூறித் தேடும் வினவல்கள் தரவுத்தளத்துக்கே செல்லும். வினவலின் விடைகளைச் சேமித்தற்கு வேறொரு கையிருப்பு உண்டு.

எதற்குக் குறியிடுவது? நம் நாட்டுச் சுகாதாரத் துறையிலே வழங்கும் ‘டீ.எச்.ஐ.எஸ். 2’ என்னும் மென்பொருளை நோக்குக. நோர்வேயின் ஒஸ்லோப் பல்கலைக்கழகத்தார் வளர்த்துவரும் இஃது ஹைபர்நேற்றின் மேல் அமைந்தது. 2020 ஜனவரியில், வெளிநாட்டிலிருந்து வந்திறங்குவோரைப் பதிந்து கொரோனாத் தொற்றைக் கண்காணிக்கும் முறையொன்று இலங்கையில் இதன் மேற் சமைக்கப்பட்டது. பிற நாடுகளும் பின்னர் அதனைத் தழுவின. இத்தகைய மென்பொருளிலே கோப்பாய்ச் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு ஓர் உள்பொருளாகப் பதியப்பட்டுளது எனக் கொள்வோம். அதன் பெயர் ஆண்டுக்கணக்கில் மாறாது; படிக்கப்படுவதோ நாடோறும் எண்ணிறந்த முறை. இது கையிருப்புக்கு உரியது. அங்கிருந்து அன்றாடம் வரும் எண்ணிக்கைகளோ எழுதப்பட்ட வண்ணமிருப்பன. அவற்றைப் படியெடுத்து வைத்தலால் ஊதியமில்லை.

இனி இடரைக் கூறுவாம். விலாசம் மாறிய செய்தியை அலுவலகத்தார் இடாப்பிற் குறித்துவிட்டு வகுப்பாசிரியருக்குச் சொல்லாதொழிந்தால், தந்தைக்கு எழுதிய கடிதம் பழைய வீட்டுக்கே போகும். ஹைபர்நேற் வழியே செய்யும் மாற்றத்தை அது தானே அறிந்து படியைத் திருத்தும். எவரேனும் தரவுத்தளத்தை நேரே திறந்து நிரையைத் திருத்தினால் அஃது அறியாது. திரை பழையதையே காட்டும். நோயாளியின் பரிசோதனை முடிவு அத்தகைய நிரையாயின் விளைவு என்னாகும் என்பதை எண்ணுக! சேவையகங்கள் பல சேர்ந்தியங்குமிடத்தும், ஒன்றில் நிகழ்ந்த மாற்றத்தை ஏனையவற்றுக்கு உணர்த்தும் ஏற்பாடின்றேல் இதே கேடு நேரும். டீ.எச்.ஐ.எஸ். 2இன் பராமரிப்புப் பகுதியிற் கையிருப்பை அழித்தற்கென ஒரு தெரிவு வைக்கப்பட்டிருப்பது காண்க.

மாணவர் செய்து பார்த்தற்கு: எஸ்.கியூ.எல். கட்டளைகள் திரையிற் தோன்றுமாறு அமைத்து, ஒரே உள்பொருளை அடையாள எண்ணால் இரண்டு அமர்வுகளில் அடுத்தடுத்துப் பெறுக. இரண்டாம் நிலை இயங்குமாயின் கட்டளை ஒன்றே தோன்றும். இயங்காதாயின் இரண்டு தோன்றும். அதன்பின் தரவுத்தளத்தை நேரே திறந்து அந்நிரையை மாற்றி, மூன்றாம் அமர்வில் மீண்டும் பெற்று, வந்த விடையைக் கொப்பியில் எழுதுக.