குக்கர் வெடித்தால் யார் பொறுப்பு?

கேள்வி: பருப்பு வேகும்போது பிரஷர் குக்கர் மூடி பறந்து, மாமியாரின் கை வெந்துவிட்டது. "வாரண்டி முடிந்தது, பழையதைக் கொடுங்கள், புதுசு தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். மாற்றிக்கொள்ளலாமா?
– தோட்டத்து வாசகி, பெஸ்தாரி ஜெயா

பதில்: கொடுத்துவிடாதீர்கள் அம்மா! அந்தக் குக்கர்தான் உங்கள் முதல் சாட்சி. மூடி, ரப்பர் வளையம், விசில், பெட்டி எல்லாவற்றையும் படமெடுத்து, கழுவாமல் கட்டி வையுங்கள். பருப்பு நாறினால் நாறட்டும்.

வாரண்டிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மலேசியாவின் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் 10ஆம் பாகம் இதற்கென்றே இருக்கிறது. தயாரிப்பாளர் கவனக்குறைவாக இருந்தார் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டாம். பொருள் பாதுகாப்பானதாக இல்லை, காயம் அதனால்தான் வந்தது என்று காட்டினால் போதும். வாங்கியது நீங்கள், வெந்தது மாமியார் கை என்றாலும் அவர் இழப்பீடு கேட்கலாம். வெளிநாட்டுச் சரக்கா? இறக்குமதி செய்தவர் பொறுப்பு. யாரிடம் வாங்கினார் என்று கடைக்காரரை எழுத்தில் கேளுங்கள். நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் பொறுப்பு அவர் தலையில். ரசீதில் "நாங்கள் பொறுப்பல்ல" என்று அச்சடித்திருந்தாலும் செல்லாது.

ஒன்றைக் கவனியுங்கள். குக்கர் விலையைப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் கேட்கலாம். அங்கே உச்சவரம்பு 50,000 ரிங்கிட். ஆனால் காயத்துக்கான இழப்பீட்டை அது விசாரிக்காது; அதற்கு நீதிமன்றம்தான். 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றமே போதும். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் மருத்துவ அறிக்கைக்கு இந்த வாரமே விண்ணப்பித்துவிட்டு வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை கடைக்காரர் நீட்டும் எந்தத் தாளிலும் மாமியார் கையெழுத்துப் போட வேண்டாம்.