வீட்டில் ஒரு ட்ரையத்லன்காரர் இருந்தால்

மகனோ மகளோ வீட்டுக்காரரோ, யாரோ ஒருவர் ட்ரையத்லனுக்குப் பெயர் கொடுத்துவிட்டால் வீடு முழுவதும் பயிற்சிக்கு இறங்கிவிட்டது என்றுதான் அர்த்தம். விடிய நாலரைக்கு அடுப்பு எரியும், கொடியில் ஈரத்துணி குறையாது, மாதச் செலவு மெல்ல ஏறும். சின்னப் போட்டி என்றாலும் 750 மீற்றர் நீச்சல், 20 கிலோமீற்றர் சைக்கிள், 5 கிலோமீற்றர் ஓட்டம் எல்லாம் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் அல்லவா! காசு கட்டாயம் போக வேண்டிய இடம் மூன்றுதான்: தலைக்கவசம், சப்பாத்து, நல்ல ரயர். மயிலிட்டிக் கரையில் இருக்கிற எங்களுக்குக் கடலும் உண்டு, மேடுபள்ளம் இல்லாத தெருவும் உண்டு. மிச்சத்தை வீட்டில் உள்ளதை வைத்தே சமாளிக்கலாம், வாருங்கள்.

1. பயிற்சி அட்டவணையைக் கைபேசிக்குள் வைத்திராமல் குசினிச் சுவரில் தொங்கும் கலண்டரில் எழுதச் சொல்லுங்கள். நீச்சலுக்கு நீலம், சைக்கிளுக்குச் சிவப்பு, ஓட்டத்துக்குப் பச்சை. கலியாணவீடு, பிள்ளைகளின் சோதனை, கோயில் திருவிழா எல்லாம் அதே தாளில் ஏறினால் எந்த நாள் இடிக்கிறது என்று முன்னமே தெரிந்துவிடும். ஆடி அமாவாசையை மறக்க வேண்டாம். மாவிட்டபுரம் கந்தனின் தீர்த்தமும் பிதிர்க்கடன் செய்ய வருகிற சனமுமாகக் கீரிமலைப் பக்கம் அன்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போகவும் இடமிராது.

2. சோளகக் காலத்தில் எங்கள் கடல் குளம் போலக் கிடக்கும், அதை நம்பி ஏமாறாதீர்கள். காற்று தரையில் இருந்து கடலுக்கு வீசுவதால்தான் கரையோரம் அலை தெரிவதில்லை. நீந்துகிறவரை அதே காற்று வெளியே தள்ளிக்கொண்டு போகும். நேரே வெளியே நீந்தாமல், கால் நிலத்தில் படுகிற ஆழத்தில் கரையோடு கரையாக நீந்தட்டும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அலையைக் கிளப்பினால் கடலை விட்டுவிட்டு நீச்சல் தடாகத்துக்குப் போவதே புத்தி. வல்வெட்டித்துறையில் ஆழிக்குமரன் ஆனந்தன் பெயரிலேயே ஒன்று இருக்கிறது.

3. மீன்பிடித் துறைமுகத்துக்குள்ளும் அதன் வாய்ப்பக்கத்திலும் நீச்சல் வேண்டவே வேண்டாம். 1990 இல் விட்டுப்போன துறைமுகம் 2017 யூலையில்தான் ஊரவருக்குத் திரும்பக் கிடைத்தது. அங்கே தொழில் செய்கிறவருக்கே முதலிடம். இரவுத் தொழிலுக்குப் போன படகுகள் விடியக் கரை திரும்புகிற நேரமும் பிள்ளைகள் நீந்தக் கிளம்புகிற நேரமும் ஒன்றுதான் என்பதால், எந்தப் பக்கம் நீந்தப் போகிறார்கள் என்று கடற்றொழிலாளர் சங்கத்தில் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

4. கடைகளில் விற்கிற நீச்சல் மிதப்பு விலை அதிகம். ஐந்து லீற்றர் பிளாஸ்ரிக் கானை மூடி இறுக்கி, செம்மஞ்சள் துணி சுற்றி, ஒன்றரை மீற்றர் கயிற்றால் பழைய இடுப்புப் பட்டியோடு கட்டிவிடுங்கள். படகுக்காரர் தூரத்திலேயே காண்பார்கள், களைத்தால் பிடித்துக்கொண்டு மிதக்கவும் உதவும். ஆனால் கான் இருக்கிறதே என்று தனியே நீந்தவிட வேண்டாம். கரையில் ஒரு ஆள் எப்போதும் நிற்க வேண்டும்.

5. எவ்வளவு தூரம் நீந்தினோம் என்று தெரிய விலையுயர்ந்த மணிக்கூடு தேவையில்லை. 50 மீற்றர் நைலோன் கயிற்றைக் கரையில் இழுத்து இரண்டு முனையிலும் கம்பு நட்டு, அதில் பழைய சேலைத் துண்டைக் கட்டுங்கள். கம்புக்குக் கம்பு 15 தரம் நீந்தினால் 750 மீற்றர்.

6. “இவ்வளவு பெரிய கடலிலா?” என்று தயங்குகிற பிள்ளைக்கு அயலூர்க் கதையைச் சொல்லுங்கள். தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954 இல் வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் ஏறியவர். ஆனந்தன் 1971 இல் தலைமன்னாரில் இருந்து தனுஷ்கோடி போய்த் திரும்ப 51 மணித்தியாலம் நீந்தியவர். இது 750 மீற்றர்தானே!

7. நீச்சல் கண்ணாடிக்குள் புகை மூடினால் துணியால் துடைக்காதீர்கள், உள்பூச்சு போய்விடும். குழந்தைகளுக்குப் போடுகிற ஷாம்பு ஒரு துளி தடவி நல்ல தண்ணீரில் அலசினால் போதும். சோடியை இழந்த காலுறை ஒன்று அதற்கு நல்ல உறை.

8. உப்புத் தண்ணீரோடு தையல் உரசினால் கழுத்தும் கக்கமும் தொடையிடுக்கும் புண்ணாகிவிடும். வஸ்லின் இல்லையென்றால் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். கண்ணாடியை முதலில் மாட்டிவிட்டு எண்ணெயைத் தொடுவது முக்கியம். எண்ணெய்க் கை பட்ட கண்ணாடியால் கரையும் தெரியாது, கம்பும் தெரியாது.

9. சொறிமுட்டை பட்ட இடத்தை மணலால் தேய்க்கவும் கூடாது, கிணற்றுத் தண்ணீரால் கழுவவும் கூடாது. இரண்டுமே விஷத்தைக் கூட்டிவிடும். கடல் தண்ணீரால் அலசி, ஒட்டியிருக்கிற இழைகளைச் சாவணத்தால் எடுங்கள். மூச்சுத் திணறினாலோ உடம்பு வீங்கினாலோ வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு நேரே தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள்.

10. கடலுடுப்பை அலச மோட்டரைத் திறந்துவிடாதீர்கள். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றைக் கடலோரத்தில் அளவுக்கு மீறி இறைத்தால் உவர் ஏறிவிடும் என்பது நாங்கள் அறியாததா? ஒரு வாளியில் உப்புப் போக அலசல், அடுத்ததில் சவர்க்காரம். முதல் வாளித் தண்ணீரைத் தென்னைக்கு ஊற்றுங்கள், மிளகாய்ப் பாத்திப் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

11. வியர்வை நாற்றம் போகாத பனியனுக்குக் கடைசி அலசலில் ஒரு அகப்பை வினாகிரி. உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பி நிழலில் காயவிட்டால் இலாஸ்டிக்கும் நாள்பட உழைக்கும்.

12. ஈரச் சப்பாத்தை வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். பழைய பேப்பரைக் கசக்கி உள்ளே திணித்து ஒரு மணித்தியாலத்தில் மாற்றுங்கள். உதயனோ வலம்புரியோ எதுவானாலும் ஒரே மாதிரித்தான் ஈரத்தை உறிஞ்சும்!

13. எரிபொருள் கிடைக்காத போர்க்காலத்திலும், பிறகு 2022 நெருக்கடியிலும் குடாநாட்டையே சுமந்தது சைக்கிள்தான், அதைப் பராமரிக்க எங்களுக்கு ஆரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் கடற்காற்றில் ஓடி வந்த சைக்கிளை இரவு அப்படியே விடாதீர்கள். ஈரத்துணியால் உப்பைத் துடைத்து, பழைய பல்துலக்கியால் சங்கிலியைத் தேய்த்து, தையல் மெஷின் எண்ணெய் சில துளி விட்டு, மிச்ச எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் வழிய விட்டால் மணல் ஒட்டிச் சங்கிலியை அரித்துவிடும்.

14. ஒட்டி ஒட்டிப் பயன்படாமல் போன ரியூப்பை எறியாதீர்கள். நீளமாக வெட்டி ரயருக்குள் உட்புறம் விரித்தால் நெருஞ்சி முள்ளு எளிதில் இறங்காது. வட்டமாக வெட்டினால் பம்பையும் போத்தலையும் சைக்கிளோடு கட்ட இறுக்கமான ரப்பர் வளையங்கள். போட்டியில் காற்றுப் போனால் ஒட்டிக்கொண்டிராமல் ரியூப்பையே மாற்றிவிட வேண்டும், அதை முற்றத்தில் நேரம் வைத்துப் பழகட்டும்.

15. தட்டைத் தெருவில் ஏற்றம் பழக வழியில்லையே என்று கவலை வேண்டாம், எதிர்காற்றுதான் எங்கள் மலை. போகும்போது காற்றுக்கு எதிரே போய், திரும்பும்போது காற்றோடு வருகிற மாதிரி வழியைத் தெரிவு செய்யுங்கள். மாறிப் போனால் களைத்த கால்தான் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டி வரும்.

16. ஓடுகிறவர் வாகனத்துக்கு எதிர்முகமாக, தெருவின் வலப்பக்கம் ஓட வேண்டும். விடியப்புறத்தில் வெள்ளைச் சட்டை நல்லது. பற்றைக் காணிகளுக்குள் குறுக்குவழி தேட வேண்டாம். கட்டில்லாத பழைய கிணறுகள் மறைந்து கிடக்கும். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை கண்டால் ஒரு அடியும் உள்ளே வைக்கக்கூடாது.

17. சைக்கிளால் இறங்கி ஓடத் தொடங்கும்போது கால் மரத்துப்போன மாதிரி இருக்கும், அதைப் பழக்கத்தால்தான் வெல்ல வேண்டும். கிழமைக்கு ஒரு நாள் சைக்கிளை வாசலில் சாத்தியதும் கடைக்கு ஓடிப் பாண் வாங்கி வரச் சொல்லுங்கள். பத்து நிமிட ஓட்டமும் ஆயிற்று, காலைச் சாப்பாடும் ஆயிற்று.

18. நீச்சலில் இருந்து சைக்கிளுக்கு மாறுகிற இடத்தில் மிச்சம் பிடிக்கிற ஒரு நிமிடம், ஒரு மாதப் பயிற்சியால் குறைக்கிற நேரத்துக்குக் குறைந்ததல்ல. முற்றத்தில் ஒரு சாக்கை விரித்து, பொருட்களைப் போடுகிற ஒழுங்கிலேயே அடுக்கிப் பழகுங்கள். காலுறைக்குள் முதல் நாளே பவுடர் தூவி, வாய்ப்பக்கத்தைச் சுருட்டி வைத்தால் ஈரக்காலிலும் வழுக்கிக்கொண்டு ஏறும். தலைக்கவசப் பட்டியைப் பூட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம் என்பது போட்டி விதி. அதனால் கவசத்தைக் கைபிடியில் கவிழ்த்து, பட்டியை விரித்து விடுங்கள்.

19. சப்பாத்து நாடாவைக் கழற்றிவிட்டுத் தையல்கடையில் வாங்குகிற மெல்லிய இலாஸ்டிக்கைக் கோத்துவிடுங்கள், முடிச்சுப் போடுகிற வேலையே இல்லை. மிஞ்சிய அகல இலாஸ்டிக்கில் இரண்டு சட்டைப்பின் குத்தினால் போட்டி இலக்கம் மாட்டுகிற இடுப்புப் பட்டி தயார்.

20. விடியற்காலைப் பயிற்சிக்கு முன் இரண்டு இதரை வாழைப்பழமும் சீனி போட்ட பிளேன்ரீயும் போதும். நீண்ட நாள் என்றால் ஜாம் பூசிய பாண் துண்டு ஒன்றும் சேரட்டும். புட்டும் இறைச்சிக்கறியும் திரும்பி வந்த பிறகு.

21. போட்டிக்கு முதல் நாள் இரவு, எவ்வளவு கெஞ்சினாலும் ஒடியல் கூழ் காய்ச்சிவிடாதீர்கள். நண்டும் இறாலும் உறைப்பும் புளியும் நார்ச்சத்தும் சேர்ந்து அடுத்த நாள் வயிற்றோடு தனியாக ஒரு போட்டி நடத்தும். வெள்ளைச் சோறு, பருப்பு, உறைப்புக் குறைந்த மீன்குழம்பு போதும். புதுச் சாப்பாடு எதையும் அன்றைக்குப் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

22. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நீளுகிற பயிற்சிக்கு மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. பனங்கட்டியைச் சின்னத் துண்டாக உடைத்து எண்ணெய்த்தாளில் சுற்றிச் சட்டைப் பைக்குள் வைத்தால், பொட்டலத்தில் விற்கிற ஜெல் வாங்குகிற காசு மிச்சம்.

23. விளையாட்டுப் பானமும் வீட்டிலேயே ஆகும். கொதித்தாறிய ஒரு லீற்றர் தண்ணீருக்குச் சீனி மட்டமாக ஆறு தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. உப்பை மட்டும் கண்ணளவில் போடாதீர்கள். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு என்பதால் அதிலும் ஒரு சிட்டிகை உப்புச் சேருங்கள். இரவு போத்தலில் பாதியை நிரப்பிச் சரித்துவைத்து உறையவிட்டு, காலையில் மிச்சத்தை ஊற்றினால் வெயில் ஏறும்வரை குளிர்ந்திருக்கும்.

24. பயிற்சிக்கு முன்னும் பின்னும் நிறை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் தண்ணீர் போயிருக்கிறது. அதை ஒரே மூச்சில் குடிக்காமல், ஒன்றரை லீற்றர் வரை அடுத்த சில மணித்தியாலங்களுக்குப் பிரித்துக் குடிக்கட்டும்.

25. மீன் வந்து இறங்குகிற ஊரில் இருந்துகொண்டு டப்பாவில் புரதப் பவுடர் வாங்குவதை என்னால் சீரணிக்க முடியவில்லை. சூடையும் கீரியும் நெத்தலியும் மலிவு, தசை தேற வேண்டிய புரதம் அத்தனையும் அதில் உண்டு. காலைப் பயிற்சி முடிந்து வருகிறவருக்குத் தயிர் விட்ட பழஞ்சோறு, வெங்காயம், பொரித்த சூடை நாலு. மீன் சாப்பிடாத வீட்டில் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும்.

26. எழும்பியவுடன் படுக்கையிலேயே நாடித்துடிப்பை எண்ணிக் கலண்டரில் குறிக்கப் பழக்குங்கள். வழமையைவிடப் பத்துத் துடிப்புக் கூடி, முகத்திலும் எரிச்சல் தெரிந்தால் அன்று ஓய்வு. ஓய்வு நாள் என்றதும் தேங்காய் பிடுங்கவும் வேலி அடைக்கவும் கூப்பிடுகிற பழக்கத்தை நாங்களும் கொஞ்சம் விட வேண்டும்.

27. மூன்று கிழமை கடுமையாகப் பயிற்சி செய்தால் நாலாவது கிழமை இலகுவாகப் போகட்டும். போட்டிக் கிழமையில் தூரத்தைப் பாதியாக்குங்கள். கடைசி நாட்களில் விழுந்து விழுந்து செய்கிற பயிற்சி உடம்பில் களைப்பாகத்தான் சேரும்.

28. கொழும்பில் 2018 பெப்ரவரியில் முதன்முதலாக அயன்மேன் 70.3 போட்டி நடந்தபோது 1.9 கிலோமீற்றர் நீந்தி, 90 கிலோமீற்றர் சைக்கிள் ஓடி, 21.1 கிலோமீற்றர் ஓட வேண்டியிருந்தது. அப்படித் தூரத்துப் போட்டிக்குப் போகிற மூன்று வீடுகள் சேர்ந்து வான் பிடித்தால் செலவு மூன்றில் ஒன்றாகும், பம்பும் பயணப் பையும் ஒன்றே போதும். ரயிலில் என்றால் சைக்கிளைப் பொதியாக ஏற்ற முடியுமா என்று முன்னமே நிலையத்தில் விசாரியுங்கள். சில்லைக் கழற்றி, பழைய பாயில் சுற்றிக் கட்டினால் கீறல் விழாது.

29. போட்டிக்குப் பணம் கட்டுமுன், வர முடியாமல் போனால் திருப்பித் தருவார்களா, பெயரை வேறு ஒருவருக்கு மாற்றலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முந்திப் பதிகிறவர்களுக்குக் கட்டணம் குறைவாக இருந்தால் சீட்டுக்காசு கைக்கு வருகிற மாதத்தில் கட்டிவிடலாம்.

30. அடி தேய்ந்த ஓட்டச் சப்பாத்தைத் தெருவோட்டத்துக்கு இனிப் போடவிடாதீர்கள், முழங்கால் நோ அங்கேதான் தொடங்கும். குதிப்பக்கத்தை வெட்டிவிட்டால் தோட்டத்துக்கும், கல்லுக் கரையில் கடலுக்கு இறங்குகிற இடம்வரைக்கும் போட நல்ல செருப்பு. கழற்றிய நாடா இருக்கிறதே, தக்காளிக்குப் பந்தல் கட்ட எடுத்து வையுங்கள்.