ஔடத தானமும் காணாத குழந்தையும்

சிராவகர்க்குரிய கடமைகளுள் தானம் தலையாயது. ஆகாரம், அபயம், ஔடதம், சாத்திரம் என அதனை நான்காக வகுத்துரைப்பது நம் மரபு. இவற்றுள் ஆகார தானத்தின் பயன் கொடுத்த அப்பொழுதே விளங்கும். பசித்தவர் உண்டு முகம் மலர்வார். ஔடத தானம் அத்தகையதன்று. கொடுத்த மருந்து பிணியைத் தீர்க்கவும் கூடும், தீர்க்காதொழியவும் கூடும். இனி, மருந்தே கண்டறியப்படாத பிணியாயின், கொடுப்பவர் எதனைக் கருதிக் கொடுப்பது? இவ்வினாவிற்கு விடை காண்பதே இப்பாடத்தின் நோக்கம். அதன்பொருட்டு, சிறுவர்தம் மூளையைத் தாக்கும் கொடிய நோயொன்றையும், அதற்காக மேலை நாடுகளில் நிதி திரட்டப்பெற்ற வரலாற்றையும் காண்போம்.

நோயின் இயல்பு

மூளையிலுள்ள நரம்பிழைகளைச் சுற்றி, மின்கம்பியின் மேலுறை போன்று, மயலின் என்னும் கொழுப்புறை அமைந்துள்ளது. இவ்வுறை பழுதுறும் பரம்பரை நோய்கள் பல. அவற்றைப் பொதுவாக லூக்கோடிஸ்ட்ரோபி என்பர். அவற்றுள் ஒன்று அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபி. மிக நீண்ட சங்கிலியமைப்புடைய கொழுப்பு அமிலங்களை உடல் சிதைக்கவியலாது தேக்கிவைப்பதால் இது விளைகிறது. 1993இல் இனங்காணப்பட்ட, இதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆதலின் தாய் அதனைத் தாங்கிச் செல்பவளாக இருக்க, மகனே கொடிய வடிவில் துன்புறுகிறான்.

இதன் மூளைசார் வடிவம் பெரும்பாலும் 4 முதல் 10 வயதிற்குள் தோன்றும். அதுவரை ஓடியாடி, நன்கு பயின்ற சிறுவன் பள்ளியில் கவனம் சிதறுவான். பின்னர்ச் செவி, கண், பேச்சு, நடை ஆகியன ஒவ்வொன்றாகக் குன்றும். இறுதியில் உணவை விழுங்கும் ஆற்றலும் அற்றுப்போகும். எல்லாச் சிறுவர்க்கும் இவ்வடிவம் வருவதில்லை எனினும், வந்தவர்க்குக் காலம் மிகக் குறைவு.

ஒரு பெற்றோரின் முயற்சி

அமெரிக்காவில் வாழ்ந்த அகஸ்டோ ஓடோன், மைக்கேலா ஓடோன் தம்பதியரின் மகன் லொரென்சோ. அவனுக்கு இந்நோய் இருப்பது 1984இல் தெரியவந்தது. தந்தை உலக வங்கியில் பணியாற்றிய பொருளியலார். பெற்றோர் இருவரும் மருத்துவரல்லர். எனினும் நூலகங்களில் அமர்ந்து ஆய்வுரைகளைக் கற்றனர். அறிஞர்களை அணுகி வினவினர். ஆலிவ் எண்ணெயிலிருந்தும் கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயிலிருந்தும் பெறப்படும் இருவகைக் கொழுப்புகளைச் சேர்த்து ஓர் எண்ணெய் உருவாக வழிசெய்தனர். அதுவே 'லொரென்சோவின் எண்ணெய்' எனப் பெயர்பெற்றது. அழிந்த மயலினை மீண்டும் வளர்க்கும் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி புரிவதற்கென 1989இல் 'மயலின் திட்டம்' என்னும் அமைப்பையும் நிறுவினர். 1992இல் வெளியான திரைப்படம் இவர்தம் வரலாற்றை உலகறியச் செய்தது.

ஈண்டு உண்மையை உள்ளவாறே கூறல் வேண்டும். நோய் முற்றியபின் அவ்வெண்ணெய் அதனைத் திருப்பவில்லை. அறிகுறி தோன்றாத சிறுவர் அதனை உட்கொண்டு, இரத்தத்தில் அக்கொழுப்பின் அளவு குறையுமாயின், மூளை பாதிப்புறும் அபாயமும் குறைவதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டிற்று. லொரென்சோ இழந்த பேச்சையும் நடையையும் மீளப் பெற்றிலன். 2008இல், 30ஆம் வயதில் மறைந்தான். தாய் அதற்கு முன்னரே, 2000ஆம் ஆண்டில் காலமாயினார். மகன் பொருட்டுத் தொடங்கிய முயற்சி பெரிதும் பயன்பட்டது பிறர் மக்களுக்கேயாம்.

கால்களைக் கடன் கொடுத்த மாணவர்

பிரான்சு நாட்டில் 1992இல், நோயுற்ற குழந்தைகளின் பெற்றோர் கூடி 'எலா' என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். இவர்தம் வழி புதுமையானது. நடக்கவியலாத குழந்தைகளுக்காகத் தம் கால்களைக் கடன் கொடுக்குமாறு பள்ளி மாணவரை வேண்டினர். மாணவர் குறித்த நாளில் ஓடுவர். அவர்தம் ஓட்டத்திற்கு உற்றாரும் அயலாரும் தம்மாலியன்ற தொகை வழங்குவர். ஆண்டுதோறும் எழுத்தாளர் ஒருவர் இதற்கென எழுதித்தரும் உரைப்பகுதி வகுப்பறைகளில் படிக்கப்பட, மாணவர் கேட்டு எழுதுவர். அதன்வழி நோயைப் பற்றியும் அறிவர். கால்பந்து வீரர் ஜினடின் ஜிடேன் 2000ஆம் ஆண்டு முதல் இவ்வமைப்பிற்குத் துணைநிற்கிறார்.

இங்ஙனம் சிறுகச் சிறுகச் சேர்ந்த பொருள் ஆய்வுக்கூடங்களுக்குச் சென்றது. பாரிசு நகர மருத்துவக் குழுவினர், சிறுவரின் எலும்பு மச்சை உயிரணுக்களையே எடுத்து, மரபணுவைச் சீர்செய்து, மீண்டும் உடலிற் செலுத்தினர். இருவரிடத்து நோயின் வளர்ச்சி நின்றதை 2009இல் அறிவித்தனர். அவ்வாய்வுக்குப் பொருளுதவியோருள் எலாவும் ஒன்று. இவ்வகைச் சிகிச்சைக்கு 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. எனினும் சிகிச்சை பெற்றவருள் சிலருக்குப் பின்னர் இரத்தப் புற்றுநோய் தோன்றியமையால் அது மிகுந்த எச்சரிக்கையுடன் கையாளப்படுகிறது. தக்க கொடையாளரின் எலும்பு மச்சையை மாற்றிப் பொருத்துதலும் நோயின் தொடக்க நிலையிற் பயனளிக்கும். பெற்றோர் சிலரின் இடையறா முயற்சியால், நியூயார்க் மாநிலத்தில் 2013 முதல் பிறந்த குழந்தையின் குதிகாலிற் பெறும் சில துளி இரத்தத்தைக் கொண்டே இந்நோயைக் கண்டறிகின்றனர். தம் மகவை இழந்தோர் பிறர் மகவைக் காத்த செயல் இது.

நாம் கொள்ளத்தக்கவை

ஔடத தானத்திற்கு எடுத்துக்காட்டாக விருஷபசேனையை இரத்தினகரண்டக சிராவகாசாரம் குறிப்பிடுகிறது. அத்தானத்தை இக்காலத்தில் ஆற்றும் முறைக்கு நம் அணுவிரதங்களே அளவுகோலாகும்.

கொல்லாமை உடலைக் காப்பதோடு அமைவதன்று. நோயுற்ற குழந்தையின் நலிந்த உருவத்தை ஊரறியக் காட்டி இரக்கம் தேடுதல் அக்குழந்தையின் மானத்தை ஊறுபடுத்தும். பிரான்சு மாணவர் இரக்கத்தைக் காட்சியாக்கவில்லை. தம் உழைப்பையே ஈந்தனர்.

பொய்யாமை, நிதி திரட்டுவோர்க்கு முதல் விரதம். "இத்தொகை கிடைத்தால் குழந்தை பிழைக்கும்" என்று மருத்துவரே கூறாததைப் பிறர் கூறலாகாது. சொல்ல வேண்டியது, நோய் இன்னது, சிகிச்சை இன்னது, கிடைக்கக்கூடிய பயன் இவ்வளவே என்பதாம்.

கள்ளாமை கணக்கில் விளங்கும். ஒரு குழந்தைக்கெனப் பெற்ற பொருளைச் சொல்லாது வேறொன்றிற்குச் செலவிடுதல், அது நற்செயலேயாயினும், கொடுத்தவர் கருத்தைக் களவு செய்தலாம். எஞ்சிய தொகை என்னாகும் என்பதைத் தொடக்கத்திலேயே அறிவித்தல் நன்று.

மிகுபொருள் விரும்பாமை கொடுப்போர்க்குரியது. கல்வெட்டில் பெயர் வேண்டிக் கொடுப்பதும், புண்ணியம் இன்னவாறு விளைக என எண்ணிக் கொடுப்பதும் பயன் கருதும் நிதானம் என்னும் சல்லியத்தின்பாற்படும். பயனை நம் கண்ணாற் காண வேண்டுமென்னும் வேட்கையும் ஒருவகைப் பற்றேயன்றோ?

நம் நாட்டில்

இந்திய அரசு 2021இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. கடும் நரம்பியற் குறிகள் தோன்றுமுன் கண்டறியப்படும் அட்ரினோலூக்கோடிஸ்ட்ரோபியும் அதன்கண் இடம்பெற்றுள்ளது. இத்தகைய நோயாளிகளுக்குப் பொதுமக்கள் நன்கொடை வழங்குவதற்கென இணையவாயிலொன்றும் அரசால் அமைக்கப்பட்டுள்ளது. கொடுக்க விழைவோர் இதனையும் கருதலாம். பணத்தினும் முந்தியது ஒன்றுண்டு. நன்கு பயின்றுவந்த சிறுவன் திடீரெனப் பார்வையோ செவியோ நடையோ தடுமாறினால், அதனைக் குறும்பென்றும் சோம்பலென்றும் கடிந்தொதுக்காது விரைந்து மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். இந்நோயில் காலமே பெருமருந்து.

இனித் தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு விடை கூறலாம். மருந்தில்லாப் பிணிக்குக் கொடுப்பவர், இன்னும் பிறவாத குழந்தைக்குக் கொடுக்கிறார். அக்குழந்தை நம்மை அறியாது. நாமும் அதனை அறியோம். கைம்மாறு கருத இடமே இல்லாத இக்கருணா தானம் மிகத் தூயது. நம் இல்லந்தோறும் பிள்ளைகளின் பிறந்தநாளிலும், இடபதேவர் கருப்பஞ்சாறு ஏற்றருளிய அட்சய திருதியை நாளிலும், சிறு தொகையேனும் இதற்கென ஒதுக்கிவைப்போமாக.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. ஆகார தானத்திற்கும் ஔடத தானத்திற்கும் பயன் விளங்கும் வகையில் உள்ள வேறுபாடு யாது?

2. நோயுற்ற குழந்தைக்கு நிதி திரட்டுங்கால் பொய்யாமையும் கள்ளாமையும் எவ்வாறு காக்கப்பெறும்?

3. நம் ஊர்ப் பிள்ளைகள் தம் உழைப்பையே தானமாக வழங்கும் வழிகள் யாவை? குடும்பத்தாருடன் கூடி ஆராய்க.