மலை ஏறும் மதில்

அட்லஸில் இத்தாலிக்கு எதிர்க்கரையைப் பாருங்க. மாண்டினீக்ரோன்னு ஒரு குட்டி நாடு. அங்கே பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கில் கடல் புகுந்து உண்டான விரிகுடாவின் உள்கோடியில் இருப்பதுதான் கோட்டர் நகரம்.

ஊருக்கு முன்னால தண்ணீர், பின்னால செங்குத்து மலை. எதிரி மலைமேல வந்து நின்னா என்ன ஆகும்? அதனால மதிலையே மலைமேல ஏத்திட்டாங்க! நீளம் சுமார் 4.5 கி.மீ. உச்சிக் கோட்டைக்குச் சுமார் 1350 படிகள். உயரம் 260 மீட்டர். 1539-ல் உதுமானியத் துருக்கியர் முற்றுகையிட்டும் ஊரைப் பிடிக்க முடியவில்லை.

ஆனா நிலநடுக்கத்தை எந்த மதில் தடுக்கும்? 1979 ஏப்ரல் 15-ல் ஊர் மிகவும் சேதமானது. அதே ஆண்டு யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாகவும், ஆபத்தில் உள்ள சின்னமாகவும் அறிவித்தது. பழுதுபார்த்து, ஆபத்துப் பட்டியலிலிருந்து எடுக்க 2003 ஆயிடுச்சு. 24 வருஷம்!

இப்போ வருவது சுற்றுலாக் கப்பல்கள். மாடி மாடியா நிற்கும் கப்பலிலிருந்து எல்லாரும் ஒரே நேரத்தில் இறங்கினா, அந்தக் குறுகிய சந்துகள் தாங்குமா? எனக்கு இதுதான் கவலையா இருக்கு.

கப்பல் நிற்பது சில மணி நேரமே. காலையிலேயே ஏறிடணும், வெயிலில் படி ஏறுவது கஷ்டம். உச்சி வரை முடியலைன்னாலும் பரவாயில்லை. வழியில் 1518-ல் கட்டிய மாதா கோயில் இருக்கு. அங்கே நின்னு பார்த்தாலே ஓட்டுக் கூரைகளும் விரிகுடாவும் கீழே தெரியும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி