பதினைந்து கையெழுத்து

கடைப் பற்றுவரவுப் புத்தகத்தை ஒரு நாள் மகனிடம் நீட்டினேன். "அத்தா, எனக்குத் தமிழ் வாசிக்க வராதே" என்றான். அவன் படிப்பது தேசியப் பள்ளியில். அதன் பிறகே பள்ளி நிர்வாகம் எப்படி நடக்கிறதென்று விசாரித்தேன். அறிந்ததைச் சகோதர வியாபாரிகளுக்குச் சொல்லுகிறேன்.

முதலாளி ஸ்தானத்தில் இருப்பது கல்வி அமைச்சு. அதன் கீழ் மாநிலக் கல்வி இலாகா, அதற்கும் கீழே வட்டாரக் கல்வி அலுவலகம், பிறகு தலைமையாசிரியர். கிள்ளான் பள்ளிகள் சிலாங்கூர் இலாகாவைச் சேர்ந்தவை. பிரிக்பீல்ட்ஸ் பள்ளிகளோ, 1974 முதல் கூட்டரசுப் பிரதேசமாகிய கோலாலம்பூரைச் சேர்ந்தவை. பாடத்திட்டம் மேலிருந்தே வருகிறது.

ஆயினும் பெற்றோருக்கும் ஓர் உரிமை உண்டு. 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி, தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தமிழ் கற்பிக்க ஏற்பாடு செய்ய வேண்டும். அச்சட்டத்தின் 50-ஆம் பிரிவு, 5 முஸ்லிம் மாணவர் இருந்தால் வாரம் 2 மணி நேரமாவது மார்க்கப் பாடம் நடத்தச் சொல்லுகிறது. தமிழ்ப் பள்ளிக்கும் இது பொருந்தும்.

சட்டம் இருக்கிறது, கேட்பவர் யார்? கடையை விட்டு வர முடியாதென்று பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திற்கே போகாதவன் நான். குற்றம் என்னுடையதே.

ஆகவே அன்பர்களே, அண்டை அயல் பெற்றோரைச் சேருங்கள். மனு எழுதி, பதினைந்து கையெழுத்து வாங்கித் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். நகலில் பெற்றுக்கொண்டதாக ஒப்பம் வாங்குங்கள். சரக்குக்கு ரசீது கேட்கும் நாம் பிள்ளையின் மொழிக்கும் கேட்போம். நான் வாங்கத் தொடங்கிவிட்டேன், இதுவரை நான்கு.