லென்ஸ் வாங்கியாச்சு, எங்கே வைப்பது?

புது கேமரா, லென்ஸோடு வாங்கிய பையிலேயே அவற்றை மாதக்கணக்கில் மூடி வைக்கிறவர்கள் அதிகம். பை தூக்கிச் செல்லத்தான். அதன் உள்திண்டில் ஈரம் தங்கும்; சென்னை போன்ற கடலோர ஊர்களில் கேட்கவே வேண்டாம். ஈரமும் இருட்டும் நீடித்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். டார்ச் அடித்துப் பார்த்தால் சிலந்திவலை போல இழை ஓடும். முற்றினால் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும்.

பையில் போட்ட சிலிக்கா ஜெல் பொட்டலம் போதாதா என்பார்கள். ஓரளவு ஈரம் குடித்ததும் அது வேலை செய்யாது. நிறம் மாறும் வகையென்றால், மாறியதும் சூடாக்கி உலர்த்த வேண்டும். லென்ஸ் வைக்க ஏற்றது ஈரத்தைக் கட்டுப்படுத்தும் மின் உலர்பெட்டி; அது கட்டுப்படியாகாதவர்களுக்குக் காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி போதும். டப்பாவுக்குள் ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். அடுத்த லென்ஸுக்கு முன் இவற்றை வாங்கிவிடுங்கள்.